போர்க்காலத்தில் சங்கேதம் உடைத்த இளம்பெண்கள்: பிளெட்ச்லி பார்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர், ஜெர்மானியர்களின் எனிக்மா சங்கேத இயந்திரம், பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆலன் டூரிங் என்று பேச்சு வந்தாலே ஒரு மேதை, சங்கேதத்தை உடைக்க அவர் வடிவமைத்த ஓர் இயந்திரம் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த இயந்திரத்தை இரவும் பகலும் ஓட்டியவர்கள் யார் என்று கேட்டால்தான் விழிக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். அவர்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பிளெட்ச்லி பார்க் எங்கே இருக்கிறது? அங்கே என்ன நடந்தது?

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஒரு பழைய பண்ணை மாளிகை. 1938-இல் பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவராக இருந்த அட்மிரல் ஹியூ சின்கிளேர் அதை வாங்கினார். பக்கத்திலேயே ரயில் நிலையம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டு ஊர்களுக்கும் அப்போது அங்கிருந்து ரயில் போனது. ஆட்களை இழுத்துவர வசதியான இடம்.

எதிரி நாடுகளின் வானொலிச் செய்திகளைப் பிடித்து, சங்கேதத்தை உடைத்து, மொழிபெயர்த்து, தளபதிகளுக்கு அனுப்புவதுதான் வேலை. மாளிகையில் இடம் போதாமல் தோட்டத்தில் மரக் கொட்டகைகள் போட்டார்கள். அவற்றைத்தான் ‘ஹட்’ என்று எண் வைத்துக் குறிப்பிடுகிறார்கள். ஹட் 6-இல் ஜெர்மன் தரைப்படை, விமானப்படைச் செய்திகளை உடைத்தார்கள். பிரித்துப் பொருள் சொன்னது ஹட் 3. கடற்படைச் செய்திகளுக்கு அதேபோல ஹட் 8, ஹட் 4.

பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

1945 தொடக்கத்தில், ஆள்பலம் உச்சத்தில் இருந்தபோது, பிளெட்ச்லியிலும் அதன் கிளைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 9,000 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். ‘பெண்களும் இருந்தார்கள்’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுகிற எண்ணிக்கை இல்லை இது. அது பெண்கள் நடத்திய இடம். ஆண்களும் இருந்தார்கள் என்று சொல்வதுதான் கணக்குக்குப் பொருந்தும்.

எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார்களாமே?

அந்தக் கதையில் உண்மை உண்டு. ஆனால் சின்ன உண்மை. 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ், 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க முடியுமா என்று ஒரு போட்டி நடத்தியது. கலந்துகொண்ட சிலருக்குப் பிறகு அரசிடமிருந்து கடிதம் வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படி வரவில்லை.

ஆரம்பத்தில் சொந்தபந்தம், சிபாரிசுதான். ‘நல்ல குடும்பத்துப் பெண், வாயைத் திறக்கமாட்டாள்’ என்ற நம்பிக்கையில் பணக்கார வீட்டுப் பெண்களை எடுத்தார்கள். ஒரு குடும்பத்தை நாலு பேருக்குத் தெரியும் என்பதே பின்னணி விசாரணை. நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போது விசாரிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பல்கலைக்கழகங்களில் ஜெர்மன் படித்தவர்களும் கணிதம் படித்தவர்களும் பேராசிரியர்கள் வழியாக வந்தார்கள்.

வேலை பெருகியபோது இதெல்லாம் போதவில்லை. 1941 டிசம்பரில் பிரிட்டனில் 20 முதல் 30 வயதுவரை உள்ள மணமாகாத பெண்களையும் கட்டாயப் போர்ப்பணிக்கு அழைக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகு கடைக்காரர் மகள், வங்கிக் குமாஸ்தா, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண் என்று எல்லா வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

‘ரென்’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

பிரிட்டிஷ் கடற்படையின் மகளிர் பிரிவு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘ரென்’ மாதிரி ஒலிக்கும். அது ஒரு குட்டிக் குருவியின் பெயரும்கூட. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கடற்படையில் சேர்ந்தால் கப்பல், கடல், நல்ல சீருடை என்று கனவோடு வந்த பெண்கள் பலர், கடலே இல்லாத நடுநாட்டுக் கிராமத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். ஆவணத்தில் அவர்கள் பணியாற்றியது ‘எச்.எம்.எஸ். பெம்ப்ரோக் 5’ என்ற கப்பலில். அப்படி ஒரு கப்பல் எந்தக் கடலிலும் இல்லை.

இவர்களைத் தவிர தரைப்படை, விமானப்படை மகளிர் பிரிவினரும், சீருடை இல்லாத சிவிலியன் பெண்களும் இருந்தார்கள்.

எதிரியின் செய்தி இவர்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அதுவும் பெண்கள் வழியாகத்தான். பிரிட்டன் முழுக்க ஒட்டுக்கேட்பு நிலையங்கள் இருந்தன. அவற்றுக்கு ‘ஒய்’ நிலையங்கள் என்று பெயர். லெஸ்டர்ஷயரில் போமனோர் என்ற இடத்தில் தரைப்படை மகளிர். சிக்ஸாண்ட்ஸில் விமானப்படை மகளிர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே வரும் மோர்ஸ் ஒலியை எழுத்து எழுத்தாகத் தாளில் எழுத வேண்டும். அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. ஐந்தைந்து எழுத்தாக வெறும் குப்பை. பொருள் இருந்தால் ஓர் எழுத்து தவறிப்போனாலும் ஊகிக்கலாம். இதில் ஊகிக்க எதுவும் இல்லை. தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

தேர்ந்தவர்களுக்கு எதிரிப் பக்கத்து ஆபரேட்டரின் ‘கை’ பழகிவிடும். புள்ளியையும் கோட்டையும் தட்டும் தாளத்தை வைத்தே, நேற்று அந்த ஊரிலிருந்து அனுப்பிய ஆள்தான் இன்று இந்த ஊரிலிருந்து அனுப்புகிறான் என்று சொல்லிவிடுவார்கள். அப்படியானால் அந்தப் படைப்பிரிவு இடம் மாறிவிட்டது என்று பொருள். சங்கேதத்தை உடைக்காமலேயே கிடைத்த தகவல் அது.

எழுதிய தாள்கள் டெலிபிரிண்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் பிளெட்ச்லிக்குப் போகும்.

எனிக்மாவைக் கொஞ்சம் புரியும்படி சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். பார்க்கத் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும். ‘ஏ’வை அழுத்தினால் விளக்குப் பலகையில் வேறோர் எழுத்து எரியும். மறுபடி ‘ஏ’வையே அழுத்தினால் இன்னொரு எழுத்து. உள்ளே சக்கரங்கள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். சக்கரங்களின் வரிசை, தொடக்க நிலை, முன்பலகையில் செருகும் கம்பிகள் என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 159-க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள் போடும் அளவுக்கு அமைப்புகள். அவற்றுள் அன்றைய அமைப்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நள்ளிரவானால் அமைப்பு மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து.

இயந்திரத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. எந்த எழுத்தும் அதுவாகவே வராது. ‘ஏ’ ஒருபோதும் ‘ஏ’ ஆகாது. இந்த ஒரு ஓட்டைதான் பல கதவுகளைத் திறந்தது.

எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் பிரிட்டிஷார் இல்லை, போலந்துக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரியான் ரெயெவ்ஸ்கி 1932-இலேயே அதைச் சாதித்தார். போர் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1939 ஜூலையில், தங்கள் ரகசியங்களை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அவர்கள் கொடுத்தார்கள்.

‘பாம்ப்’ இயந்திரத்தில் ரென்கள் சரியாக என்ன செய்தார்கள்?

எனிக்மாவின் அன்றைய அமைப்பைத் தேடிக் கண்டுபிடிக்க ஓட்டிய இயந்திரம்தான் பாம்ப். முதலில் பெயர். வெடிகுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போலந்துக்காரர்கள் தங்கள் இயந்திரத்துக்கு வைத்திருந்த ‘பொம்பா’ என்ற பெயரின் வாரிசு. டூரிங் வடிவமைத்து, கோர்டன் வெல்ச்மன் மேம்படுத்தி, லெட்ச்வொர்த் ஊரில் ஹரால்ட் கீன் என்ற பொறியாளர் தயாரித்தது. முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. போர் முடிவதற்குள் 200-க்கும் மேல்.

இரண்டு பீரோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. ஒரு டன் எடை. முன்பக்கம் முழுக்க வண்ண வண்ண வட்டுருளைகள், மொத்தம் 108. பின்பக்கம் பார்த்தால் தலைமுடி மாதிரி கம்பிகள். ஆராய்ச்சியாளர்கள் ‘மெனு’ என்று ஒன்றை அனுப்புவார்கள். சாப்பாட்டு மெனு இல்லை. சங்கேதச் செய்திக்குள் இன்ன சொல் இருக்கலாம் என்று ஊகித்து, எழுத்துக்கு எழுத்து எது எதோடு இணைகிறது என்று வரைந்த படம். ஜெர்மானியர்களின் ஒழுங்கு இங்கே கைகொடுத்தது. தினமும் ஒரே நேரத்தில் வானிலை அறிக்கை அனுப்புவார்கள்; அதில் வானிலை என்ற சொல் வந்தே தீரும். ‘குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை’ என்று தினமும் ஒரே வாக்கியத்தை அனுப்பிய நிலையங்களும் உண்டு. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் கொடுத்தார்கள்.

மெனுவைப் பார்த்து ஒரு ரென் பின்பக்கம் கம்பிகளைச் செருகுவாள். முன்பக்கம் உருளைகளைச் சரியான வரிசையில் மாட்ட வேண்டும். ஒவ்வோர் உருளையின் உள்பக்கமும் மெல்லிய கம்பித் தூரிகைகள் வட்டம் வட்டமாக இருக்கும். அதில் ஒரு மயிரிழை பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும், விடை தப்பாகிவிடும். அதனால் கையில் எப்போதும் ஒரு சின்ன இடுக்கி. ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே இருப்பார்கள். கண் போய்விடும் வேலை.

இயந்திரத்தைத் தட்டிவிட்டால் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். பத்துப் பதினைந்து இயந்திரங்கள் ஒரே கூடத்தில் ஓடும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிக் கூடம்தான் நினைவுக்கு வருகிறது. எண்ணெய் வாடை, சூடு, எட்டு மணி நேரம் நின்றபடி. சக்கரங்களின் ஒரு வரிசையை முழுக்கச் சோதிக்கக் கால் மணி நேரம்போல ஆகும். அப்புறம் அடுத்த வரிசை. தரைப்படை எனிக்மாவுக்கு 60 வரிசைகள், கடற்படைக்கு 336.

திடீரென்று இயந்திரம் தானாக நின்றால், ஒரு விடை அகப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, சோதனை இயந்திரத்தில் சரிபார்த்து, தொலைபேசியில் சொல்ல வேண்டும். பல நேரம் அது வெறும் தற்செயல் நிறுத்தமாக இருக்கும். உண்மையான விடையாக இருந்தால், ‘வேலை முடிந்தது, இயந்திரத்தைக் கழற்று’ என்று பதில் வரும். அவ்வளவுதான். எந்தச் செய்தி, யாருடையது, அதனால் என்ன ஆனது? எதுவும் சொல்லமாட்டார்கள். கழற்றிவிட்டு அடுத்த மெனுவை மாட்ட வேண்டியதுதான்.

குண்டு விழுந்தால் எல்லாம் ஒரே இடத்தில் போய்விடக் கூடாது என்று இயந்திரங்களைப் பிரித்து வைத்தார்கள். லண்டன் ஓரத்தில் ஈஸ்ட்கோட், ஸ்டான்மோர் இரண்டும்தான் பெரிய கூடங்கள். மொத்தம் 1,600-க்கும் மேற்பட்ட ரென்கள் இந்த வேலையில் இருந்தார்கள்.

அப்படியானால் மூளை ஆண்களுடையது, கை பெண்களுடையது, அவ்வளவுதானா?

இல்லை. ஆனால் அலுவலக அமைப்பு அப்படித்தான் போடப்பட்டிருந்தது. அதை மீறி வந்தவர்கள் சிலர்.

ஜோன் கிளார்க், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் இரட்டை முதல் வகுப்பு. ஆனால் கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கவில்லை. தேர்வில் முதல் வகுப்பு வாங்கலாம், பட்டம் வாங்க முடியாது. 1940 ஜூனில் வெல்ச்மன் அவரை பிளெட்ச்லிக்கு அழைத்துவந்தார். வாரம் 2 பவுண்டு சம்பளத்தில் எழுத்தர் பெண்களோடு உட்கார வைத்தார்கள். சில நாளிலேயே டூரிங்கின் அறையில் அவருக்கு ஒரு மேசை போட வேண்டியதாயிற்று. ஹட் 8-இல் ‘பான்பரிஸ்மஸ்’ என்று ஒரு முறை இருந்தது. நீளமான துளைத்தாள்களை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தி, துளைகள் எங்கே ஒத்துவருகின்றன என்று எண்ணிப் பார்த்து, சக்கர வரிசைகளில் பலவற்றை முன்கூட்டியே கழித்துவிடுவது. பான்பரி என்ற ஊரில் அந்தத் தாள்களை அச்சடித்ததால் அந்தப் பெயர். அதில் கைதேர்ந்தவர்களில் ஒருவர் ஜோன்.

அவருக்குப் பதவி உயர்வு கொடுக்க நினைத்தபோது, பெண் கணித ஆய்வாளருக்கான பதவியே அரசு விதியில் இல்லை. அதனால் ‘மொழியியலாளர்’ என்ற பதவியில் போட்டார்கள். படிவத்தில் ‘பதவி: மொழியியலாளர், தெரிந்த மொழிகள்: எதுவுமில்லை’ என்று நிரப்புவது தனக்குப் பிடித்த வேடிக்கை என்று பின்னாளில் சொன்னார். 1944-இல் ஹட் 8-இன் துணைத்தலைவர். டூரிங்கோடு 1941-இல் சில மாதங்கள் நிச்சயமாகி முறிந்தது என்பதைத்தான் பலரும் அவரைப் பற்றி முதலில் சொல்கிறார்கள். நான் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொருவர் மேவிஸ் லீவர். லண்டனில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவர், 19 வயதில் வந்து சேர்ந்தார். அவருடைய மேலாளர் டில்லி நாக்ஸ், பழைய கிரேக்கச் சுவடி ஆராய்ச்சியாளர். ‘இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருக்கிறோம், பென்சில் இருக்கிறதா?’ என்பதுதான் முதல் நாள் வரவேற்பு. பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை.

ஒரு நாள் எனிக்மாவில் அனுப்பப்பட்ட இத்தாலியச் செய்தி ஒன்றைப் பார்த்த மேவிஸுக்கு ஏதோ இடித்தது. நீளமான செய்தி, அதில் ஓர் ‘எல்’ கூட இல்லை. எனிக்மாவில் எந்த எழுத்தும் அதுவாக வராது என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால், அனுப்பியவன் ‘எல்’லை மட்டுமே அழுத்தியிருக்கிறான்! சும்மா ஒரு போலிச் செய்தி அனுப்பச் சொன்னதும், சோம்பலில் ஒரே விசையை அழுத்திக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். முழுச் செய்தியின் மூலமும் கையில் கிடைத்துவிட்டது. சக்கரத்தின் உள்கம்பி அமைப்பைக் கண்டுபிடிக்க அது போதும்.

இருப்பதைப் பார்க்க நிறையப் பேருக்கு வரும். இல்லாததைப் பார்த்தவர் அந்தப் பெண்.

1941 மார்ச் 25-இல் அவர் உடைத்த ஒரு செய்தி, இன்றிலிருந்து மூன்று நாளில் என்ற பொருளில் இருந்தது. எதற்கு மூன்று நாள் என்று அதில் இல்லை. இரவு பகலாக உட்கார்ந்து அடுத்த செய்திகளையும் உடைத்தார்கள். இத்தாலியக் கடற்படை மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கவிருந்தது. அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் கன்னிங்ஹாம், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கோல்ஃப் பையோடு கரைக்கு இறங்கிப் போய், யாரும் பார்க்காமல் இரவில் கப்பலுக்குத் திரும்பினார். வேவு பார்த்தவர்கள் அவர் ஓய்வில் இருப்பதாக நினைக்க வேண்டுமே. ஓர் உளவு விமானத்தையும் அனுப்பி, அது ‘தற்செயலாக’ இத்தாலியக் கப்பல்களைக் கண்டதுபோல் காட்டினார்கள். கிரேக்க நாட்டுக் கரையை ஒட்டி நடந்த மட்டபான் முனைச் சண்டையில் இத்தாலிக்கு மூன்று பெரிய குரூசர்களும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் போயின. 2,300 பேர் அளவில் இறந்தார்கள். பிறகு கன்னிங்ஹாம் நன்றி சொல்ல நேரில் வந்தபோது, அந்தப் பெண்கள் அவரைப் பேச்சுக்கொடுத்தே பின்னுக்கு நகர்த்தி, புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரில் அவருடைய கருநீலச் சீருடையோடு சாய வைத்துவிட்டார்கள். வயது அப்படி.

அதே ஆண்டு டிசம்பரில் நாக்ஸ், மேவிஸ், மார்கரெட் ராக் ஆகியோர் ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் தனி எனிக்மாவையும் உடைத்தார்கள்.

ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்ததும் ஒரு பெண்தானா?

கண்டுபிடிப்பில் ஒரு முக்கியக் கண்ணி ஒரு பெண்ணின் கையில் விழுந்தது. 1941 மே 25 அன்று ஹட் 6-இல் ஜேன் ஹியூஸ் என்ற 20 வயதுப் பெண் ஒரு விமானப்படைச் செய்தியைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஜெர்மன் அதிகாரி, பிஸ்மார்க்கில் இருந்த தன் உறவுப் பையன் எங்கே போகிறான் என்று விசாரித்திருந்தார். பதிலில், கப்பல் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போகிறது என்று இருந்தது. 27-ஆம் தேதி பிஸ்மார்க் மூழ்கியது. பையனைப் பற்றிய ஒரு தகப்பன்மாதிரிக் கவலை அந்தக் கப்பலில் இருந்த இத்தனை பேர் சாவுக்கு வழிகாட்டிவிட்டது. இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெற்றியைவிட அந்த அதிகாரிதான் மனதில் நிற்கிறார்.

உலகின் முதல் கணினியை ஓட்டியவர்களும் பெண்கள் என்பது சரியா?

‘முதல் கணினி’ எது என்பதில் சண்டை ஓயாது, அதை விடுவோம். கொலோசஸ் என்ற பெரிய மின்னணு இயந்திரத்தை, ஹிட்லரும் தளபதிகளும் பயன்படுத்திய லோரன்ஸ் சங்கேதத்துக்காக அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் உருவாக்கினார். 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லியில் வேலை செய்ய ஆரம்பித்தது. போர் முடிவதற்குள் பத்து. நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் காகித நாடா ஓடும். நாடாவை ஒட்டி, மாட்டி, அறுந்தால் மறுபடி ஒட்டி, சுவிட்சுகளை அமைத்து ஓட்டியது ரென்கள். கடைசியில் 270-க்கும் மேற்பட்டோர். வால்வுகளின் சூட்டில் குளிர்காலத்திலும் அந்த அறை கதகதப்பாக இருந்ததாம். மற்ற கொட்டகைகளில் கோட்டோடு உட்கார்ந்து நடுங்கியவர்களுக்கு அது பொறாமை.

சாப்பாடு, தங்குமிடம், வேலை நேரம்?

மூன்று ஷிஃப்ட். காலை 8 முதல் மாலை 4, மாலை 4 முதல் நள்ளிரவு, நள்ளிரவு முதல் காலை 8. வாரம் மாறினால் ஷிஃப்ட் மாறும். தூக்கமும் செரிமானமும் கெட்டுப்போகும். ரென்கள் வோபர்ன் அபி போன்ற பெரிய பிரபு மாளிகைகளில் அடுக்குக் கட்டில்களில் தங்கினார்கள். பெயர் மாளிகை, குளிருக்கு நெருப்பு கிடையாது. சிவிலியன் பெண்கள் சுற்றுவட்டாரக் குடும்பங்களில் தங்க வைக்கப்பட்டார்கள். ராத்திரி முழுக்க வெளியே இருந்துவிட்டுக் காலையில் திரும்பும் பெண்ணை வீட்டுக்காரம்மா எப்படிப் பார்த்திருப்பாள்? ‘அலுவலக வேலை’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஓய்வில் நாடகம், இசை, நடனம், டென்னிஸ் எல்லாம் இருந்தன. காதலும் கல்யாணமும் நடந்தன. மேவிஸ், ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டபோது உதவிய கீத் பேட்டி என்பவரை 1942-இல் மணந்தார்.

சம்பளம் ஆண்களுக்குச் சமமா?

இல்லை. பிரிட்டிஷ் அரசுப் பணியில் சம ஊதியத்துக்கு 1955-இல்தான் ஒப்புக்கொண்டார்கள். முழுதாக நடைமுறைக்கு வர 1961 ஆனது.

தாங்கள் செய்வது என்ன என்று அவர்களுக்கே தெரியுமா?

பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்டவளுக்கு உடைத்தவளைத் தெரியாது. உருளை மாட்டியவளுக்கு அது எந்த நாட்டுச் செய்தி என்றுகூடச் சொல்லப்படவில்லை. பக்கத்துக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் வேலைப் பேச்சு கூடாது. முதல் நாளே ரகசியக் காப்புச் சட்டத்தில் கையெழுத்து.

நம் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள்: கர்ணன் தன் மகன் என்பதைக் குந்தி மறைத்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில், இனிமேல் பெண்களிடம் ரகசியம் தங்காமல் போகட்டும் என்று தருமர் சபித்தாராம். பிளெட்ச்லியில் அந்தச் சாபம் பலிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள், முப்பது வருடம், கணவனிடம்கூட மூச்சுவிடவில்லை. பொன் முட்டையிட்டும் கொக்கரிக்காத வாத்துகள் என்று சர்ச்சில் பாராட்டியதாகச் சொல்வார்கள்.

டூரிங் சர்ச்சிலுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் எதைப் பற்றியது?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம். 1941 அக்டோபர் 21 அன்று டூரிங், வெல்ச்மன் உள்ளிட்ட நால்வர், மேலதிகாரிகளைத் தாண்டி நேராகப் பிரதமருக்கு எழுதினார்கள். ‘இன்றே நடவடிக்கை எடுங்கள்’ என்று சர்ச்சில் குறிப்பெழுதினார். இந்தக் குறிப்பு எல்லா இடத்திலும் மேற்கோளாக வருகிறது. கடிதத்தில் என்ன கேட்டார்கள் என்பது வருவதில்லை. துளையட்டைப் பிரிவில் இரவு ஷிஃப்ட் நின்றுவிட்டது, பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருபது பெண் எழுத்தர்கள் வேண்டும். தட்டச்சு தெரிந்த ஆட்கள் போதவில்லை. பாம்ப் விடைகளைச் சோதிக்க ரென்களைத் தருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. நான்கு மேதைகள் பிரதமரிடம் கெஞ்சியது பெரும்பாலும் பெண் ஊழியர்களுக்காகத்தான். அவர்கள் இல்லாமல் மூளை ஓடாது என்று அந்த மூளைகளுக்கே தெரிந்திருந்தது.

உயிராபத்து இருந்ததா?

பிளெட்ச்லிக்குள் அதிகம் இல்லை. கடல் கடந்து அனுப்பப்பட்டவர்களுக்கு இருந்தது. 1941 ஆகஸ்டில் ஜிப்ரால்டருக்குச் சங்கேத, வானொலிப் பணிக்காகப் போன 21 ரென்கள், ‘அகிலா’ கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டதில் இறந்தார்கள். 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த ‘கெதிவ் இஸ்மாயில்’ கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி வீழ்த்தியது. இறந்த சுமார் 1,300 பேரில் செவிலியர்களோடு 17 ரென்களும் இருந்தார்கள்.

கொழும்புக்கு ஏன் வந்தார்கள்?

ஜப்பானியச் செய்திகளை உடைக்கும் பிரிட்டிஷ் மையம் அங்கே இருந்தது. ஹாங்காங்கில் தொடங்கி, சிங்கப்பூருக்குப் போய், ஜப்பானியர் நெருங்கியதும் 1942 ஜனவரியில் கொழும்புக்கு ஓடிவந்தது. அந்த ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழவும் கென்யாவின் கிலிந்தினிக்கு மாறியது. 1943-இல் மறுபடி கொழும்பு. ‘எச்.எம்.எஸ். ஆண்டர்சன்’ என்ற பெயரில், அதுவும் ஒரு ‘கப்பல்’தான், கோல்ஃப் திடலை ஒட்டிய நிலத்தில் இயங்கியது. அங்கே ரென்களும் பணியாற்றினார்கள். டெல்லியில் ஆனந்த் பர்பத் குன்றின் மேலும் இதேபோல ஒரு மையம் இருந்தது.

நூர் இனாயத் கான், சரஸ்வதி ராஜாமணி ஆகியோரும் இதில் சேர்வார்களா?

அவர்கள் வேறு வகை. கொட்டகையில் உட்கார்ந்து உடைத்தவர்கள் இல்லை, எதிரி இருக்கும் இடத்துக்கே போனவர்கள்.

திப்பு சுல்தான் வழிவந்த நூர், 1943 ஜூனில் நாஜிகள் பிடித்துவைத்திருந்த பிரான்சுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலி ஆபரேட்டர். அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 30. 1949-இல் ஜார்ஜ் கிராஸ் விருது.

ராஜாமணி எதிர்ப்பக்கம்; பிரிட்டிஷாருக்கு எதிராக வேவு பார்த்தவர். ரங்கூனில் பிறந்த தமிழ்ப்பெண். 16 வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, ஆண்பிள்ளை வேடத்தில் பிரிட்டிஷ் முகாம்களில் எடுபிடி வேலை செய்துகொண்டே தகவல் சேகரித்ததாகவும், பிடிபட்ட தோழியை மீட்கப்போய்க் காலில் குண்டு வாங்கியதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார்.

அமெரிக்காவில்?

அங்கேயும் ஆயிரக்கணக்கில். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் ஹால், முன்பு பெண்கள் படித்த கல்லூரி. அதையே சங்கேத மையமாக்கினார்கள். 1940 செப்டம்பரில் ஜப்பானின் ‘பர்ப்பிள்’ தூதரகச் சங்கேதத்தில் முதல் பிடியைக் கண்டுபிடித்தது ஜெனிவீவ் குரோட்ஜன் என்ற 27 வயதுப் பெண்.

போர் முடிந்ததும் என்ன ஆனது? எப்போது வெளியே தெரிந்தது?

பாம்ப் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிப் போட்டார்கள். ஓட்டிய அதே ரென்கள் உட்கார்ந்து கம்பி கம்பியாகப் பிரித்தார்கள். தாள்களை எரித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வேலை தேடும்போது ‘போரில் என்ன செய்தாய்’ என்றால் ‘குமாஸ்தா வேலை’ என்று சொல்ல வேண்டியதுதான். 1974-இல் முன்னாள் அதிகாரி ஒருவர் எழுதிய நூல் வெளிவந்த பிறகே விஷயம் உடைந்தது. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்த்ததை அப்போதுதான் தெரிந்துகொண்ட வீடுகள் உண்டு.

பெட்டி வெப் 18 வயதில் தரைப்படை மகளிர் பிரிவிலிருந்து வந்தவர். உடைத்த ஜப்பானியச் செய்திகளை, மூலம் தெரியாதபடி வேறு வார்த்தைகளில் மாற்றி எழுதுவது அவருடைய வேலைகளில் ஒன்று; பர்மா போர்முனைக்குப் போனவை அவை. 1945-இல் பென்டகனுக்கும் அனுப்பப்பட்டார். ரகசியம் நீங்கியபோது அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை. மகள் என்ன செய்தாள் என்று தெரியாமலே போய்விட்டார்கள். 2025 மார்ச் 31 அன்று, 101 வயதில் பெட்டி காலமானார்.

உயிரோடு இருந்தவர்களுக்கு 2009-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு நினைவு பேட்ஜ் கொடுத்தது. ‘நாங்களும் பணியாற்றினோம்’ என்று அதில் பொறித்திருந்தது. போர் முடிந்து 64 வருடம் கழித்து.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயில். இறங்கினால் நடை தூரம். கொட்டகைகள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. பக்கத்திலேயே உள்ள கணினி அருங்காட்சியகத்தில், ஆர்வலர்கள் பல வருடம் உழைத்து மறுபடி கட்டிய பாம்ப், கொலோசஸ் இரண்டும் இருக்கின்றன.

பணியாற்றியவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்திலும் கிடைக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு பிரிட்டிஷ் மூதாட்டியின் பெயரைத் தேடிப் பார்த்து, இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு இருந்த குடும்பப் பெயரைக் கேட்டுக்கொண்டு இன்னொரு முறை தேடுங்கள்.